கண் பார்க்காத இடத்தில் ஒரு வாக்குவாதம்

பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையோரக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலை. பேரப்பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதா, மலாய்ப்பள்ளிக்கு அனுப்புவதா என்று பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குரல் உயர்ந்தது. எதிரில் இருந்தவரின் கை தே தாரிக் கோப்பையோடு பாதியில் நின்றது, முகம் சுருங்கியது. உயர்ந்த குரல் தானாக இறங்கிவிட்டது. "நீங்க சொல்றதும் சரிதாண்ணே, ஆனா..." என்று பேச்சு தொடர்ந்தது.

இதே கேள்வி சில மாதங்களுக்கு முன் எங்கள் கிள்ளான் நண்பர்களின் புலனக் குழுவிலும் வந்தது. முதல் மூன்று பதில்கள் பள்ளியைப் பற்றி. நான்காவது, "முதல்ல உங்க பிள்ளை எங்க படிக்குதுன்னு சொல்லுங்க." ஏழாவதில் ஒருவருடைய சம்பளம் வந்துவிட்டது. பத்தாவதில் அவர் மனைவி. ஒருவர் வீட்டுத் திருமணத்தில் மற்றவர் பந்தி பரிமாறியவர்கள் இவர்கள். முன்பின் தெரியாத யாரோ வந்து மூட்டிவிட்ட சண்டை இல்லை.

அதனால்தான் 'பெயரை மறைத்துக்கொண்டு எழுதுவதால் வரும் வினை' என்ற வழக்கமான விளக்கம் எனக்குப் போதவில்லை. தென்கொரியா 2007இல் பெரிய இணையத்தளங்களில் கருத்து எழுத உண்மையான அடையாளத்தைக் கட்டாயமாக்கியது. வசவு எதிர்பார்த்த அளவு குறையவில்லை. 2012இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியையே நீக்கிவிட்டது.

இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தில் நோவாம் லாப்பிடோட்-லெஃப்லர், அஸி பராக் என்ற இரு ஆய்வாளர்கள் செய்து 2012இல் வெளியிட்ட சோதனையை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முன்பின் அறியாதவர்களை இரண்டிரண்டு பேராக இணைத்தார்கள். உயிர் காக்கும் மருந்து ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும். யாருக்கு என்று கணினி வழியே எழுதிப் பேசி முடிவெடுக்க வேண்டும். சில இணைகளுக்கு எதிராளியின் பெயரும் விவரமும் தெரியும், சிலருக்குத் தெரியாது. சிலருக்கு உருவம் தெரியும், சிலருக்குத் தெரியாது. இன்னும் சிலர் கேமரா வழியே ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி எழுதினார்கள். வசையும் மிரட்டலும் எப்போது கூடின? பெயர் தெரியாதபோது என்பதைவிட, கண்ணும் கண்ணும் சந்திக்காதபோதுதான்.

சாலையோரக் கடையில் நான் பார்த்ததும் அதுவே. நம் சொல் பட்டதும் எதிராளியின் கண்ணில் ஏதோ ஒன்று மாறுகிறது. அதைப் பார்த்த மறுகணம் அடுத்த சொல்லை விழுங்கிவிடுகிறோம். கைப்பேசியில் அந்தக் கணமே கிடையாது. வலித்ததா என்று தெரியாமலே அடுத்த வரியை அனுப்பிவிடுகிறோம்.

கண் மட்டுமா, குரலும் இல்லை. 2005இல் ஜஸ்டின் குரூகரும் நிக்கலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களோடு நடத்திய ஆய்வில், தாங்கள் மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா, உண்மையா என்று படிப்பவருக்கு விளங்கிவிடும் என்று எழுதியவர்கள் உறுதியாக நம்பினார்கள். படித்தவர்களோ காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேலாகக் கணித்தார்கள். "உங்க பிள்ளை எங்க படிக்குது" என்று எழுதியவர் உண்மையிலேயே விசாரித்திருக்கலாம். எங்கள் குழுவில் அது குத்தலாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதற்கு வந்த பதிலோ குத்தலேதான். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவு இன்னும் கவலை தருவது. கடினமான சோதனை ஒன்றைக் கொடுத்து மனநிலையைக் கெடுத்துவிட்டு, ஏற்கெனவே வசவு நிறைந்த கருத்துகளின் கீழே எழுதச் சொன்னார்கள். 68 விழுக்காட்டினர் தாங்களும் அப்படியே எழுதினார்கள். எளிய சோதனையும் நாகரிகமான கருத்துகளும் கிடைத்தவர்களில் இது 35 விழுக்காடு. மனிதர்கள் ஒரே வகையினர், சூழல்தான் வேறு. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் கழித்து வீடு வந்தவர், களைத்த கையோடு குழுவைத் திறக்கும்போது முதலில் கண்ணில் படுவது எது என்பது சின்ன விஷயமில்லை.

பேச்சு பள்ளியை விட்டு ஆளின் மீது பாய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளியைப் பற்றிப் பதில் சொல்லத் தேர்ச்சி விவரம் வேண்டும், அனுபவம் வேண்டும். ஆளைத் தாக்க எதுவும் வேண்டாம்; அவர் முகநூல் படமே போதும். பார்வையாளர்கள் கைதட்டுவதும் அதற்குத்தான். 2021இல் வில்லியம் பிராடி, மோலி குரோக்கெட் குழுவினர் 1 கோடியே 27 லட்சம் டுவிட்டர் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஆத்திரப் பதிவுக்கு விருப்பமும் பகிர்வும் அதிகம் கிடைத்தவர்கள் பிறகு மேலும் ஆத்திரமாக எழுதினார்கள்.

வசவை வாங்கிக்கொள்பவருக்கு என்ன ஆகிறது? 2003இல் நவோமி ஐசன்பர்கர் குழுவினர், கணினிப் பந்து விளையாட்டு ஒன்றில் ஒருவரை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்து அவர் மூளையைப் படமெடுத்தார்கள். உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய பகுதி இயங்கியது. இரண்டு வலிகளும் அச்சு அசலாக ஒன்றல்ல என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஆனாலும் ஒதுக்கப்படுவதே இப்படி என்றால், வசவைச் 'சொல்தானே' என்று இனித் தள்ளிவிட முடியாது.

நம் சமூகத்துக்கு இது ஆய்வுக்கூடச் செய்தி இல்லை. ஈஷா என்று டிக்டாக்கில் அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாஹு, தனக்கு வந்த மிரட்டல்களைப் பற்றிப் போலீசில் புகார் கொடுத்த மறுநாள், 2024 ஜூலை 5 அன்று, கோலாலம்பூரில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வழக்கில் ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 ரிங்கிட். 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு அப்போது இருந்த உச்சவரம்பே அவ்வளவுதான். அந்தத் தொகையைக் கேட்டு நாடு கொதித்தது. குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு 2025 ஜூலை 11 அன்று நடப்புக்கு வந்தது. இப்போது, ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டும் பகடிவதைக்கு 10 ஆண்டு வரை சிறை. மனம் உடைந்தவர்களுக்காக பிஃபிரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் காத்திருக்கிறது.

எதிராளிக்கு வலிக்குமா என்று பாராமல் எழுதும் வேகம் எங்கள் குழுவிலும் இருந்தது. அதை நிறுத்தியது சட்டமோ குழு நிர்வாகியோ இல்லை. சண்டைக்குள் மனைவியை இழுத்தவரை, அந்த மனைவியின் கணவர் கைப்பேசியில் நேரே கூப்பிட்டார். "இப்ப எழுதுனதை எனக்கு வாயால சொல்லுண்ணே." மறுமுனையில் வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு, "தெங்கு கிளானா ரோட்டுக்கு வந்துடு, பேசுவோம்" என்றாராம்.