பட்டம் வாங்கியாச்சு... அடுத்து என்ன?

வேளாண் பட்டதாரிகள் நால்வர் கடந்து வந்த மூன்று ஆண்டுகள்

கோயில் வாசலில் தெருவை அடைத்து, கோலப்பொடியில் ஊர் வரைபடம். பச்சைப்பொடியில் நெல் வயல், நீலப்பொடியில் வாய்க்கால், நடுவில் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும். டெல்டா கிராமங்களில் இந்தக் காட்சியைப் பலர் பார்த்திருப்பார்கள். வேளாண் பட்டப்படிப்பின் நான்காம் ஆண்டில், மாணவர்கள் கிராமத்தில் தங்கி விவசாயிகளிடம் பாடம் கேட்கும் பயிற்சி அது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், தஞ்சாவூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் அப்படி வரைபடம் போட்ட மாணவர்களிடம் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். ‘‘படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. படிச்சு முடிச்சுட்டு நீங்கள்லாம் எங்க போவீங்க? எங்க பயிருக்கு ஒண்ணுன்னா யாரைக் கேக்குறது?’’

அன்று யாரிடமும் பதில் இல்லை. அந்தக் குழுவில் இருந்த நால்வர் இன்று நான்கு திசையில் இருக்கிறார்கள். நால்வருமே சிறு விவசாயிகளின் பிள்ளைகள். அவர்களின் பெயர்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

அடகில் போன நகை

முதலாமவர் திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நெல். மகளைத் தனியார் வேளாண் கல்லூரியில் சேர்க்க அம்மாவின் நகை அடகுக்குப் போனது. படிப்பு முடிந்தால் வேளாண்மை அலுவலர் வேலை வந்துவிடும் என்று வீட்டில் நம்பினார்கள். பணியிடமோ குறைவு, எழுதுகிறவர்கள் ஏராளம்.

‘‘ரெண்டு வருஷம் வீட்டுல உக்காந்து படிச்சேன். சொந்தக்காரங்க யார் வந்தாலும், ‘வேலை கிடைச்சுதா, இல்ல மாப்பிள்ளை பாக்கலாமா’னு கேப்பாங்க. அம்மா வெறும் கழுத்தோட காபி கொண்டுவந்து வைப்பாங்க. அதைத்தான் தாங்க முடியாது’’ என்கிறார்.

அரசுத் தேர்வோடு சேர்த்து, பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வையும் எழுதினார். முதல்நிலை, முதன்மை, நேர்காணல் என்று மூன்று கட்டம். மூன்றாவது முயற்சியில் வேலை கிடைத்தது. பணியிடம், மகாராஷ்டிராவின் விதர்பா பகுதி. பருத்தியும் சோயாவும் விளையும் ஊர். கடன் கேட்டு வருகிறவர்களிடம் பேசுவதற்காகவே மராத்தி கற்றுக்கொண்டார்.

‘‘கடன் குடுக்கிறது மட்டுமில்ல, வசூல் பண்றதும் என் வேலைதான். மழை ஏமாத்தின வருஷத்துல ஒருத்தர் முன்னாடி போய் நின்னு பணம் கேக்கும்போது எங்கப்பா முகம்தான் ஞாபகம் வரும். உரிய தேதிக்குள்ள கட்டினா வட்டியில 3 சதவிகிதம் சலுகை உண்டு. அந்தத் தேதியை ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிடுவேன். என்னால முடிஞ்சது அதுதான்’’ என்கிறார். அம்மாவின் நகையில் பாதி வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

வாடகைக்குக் கேட்ட சான்றிதழ்

இரண்டாமவருக்கு முதலில் வந்த வாய்ப்பே விநோதமானது. பூச்சிமருந்துக் கடை உரிமத்துக்கு வேளாண்மை அல்லது அதைச் சார்ந்த கல்வித்தகுதி வேண்டும். ஒரு கடைக்காரர் இவரிடம், ‘‘தம்பி, நீங்க கடைக்கே வர வேண்டாம். சான்றிதழை மட்டும் குடுங்க, மாசாமாசம் பணம் வந்துடும்’’ என்றார். வேலையில்லாத வீட்டில் அந்தப் பணம் பெரிய உதவி. ஆனால், அங்கே போலி மருந்து விற்றால் உரிமத்தில் இருக்கும் இவர் பெயரும் வழக்கில் வரும். ‘‘மருந்து வாங்கின மனுஷன் வயலுக்கு யார் பதில் சொல்றது?’’ என்று அப்பா கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு, மத்திய அரசின் வேளாண் மருத்துவகம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டத்தில் 45 நாள் பயிற்சி முடித்தார். 2002-ம் ஆண்டு தொடங்கிய திட்டம் இது. பயிற்சி முடித்தவர்கள் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்குப் பொதுப்பிரிவினருக்கு 36 சதவிகிதமும், பெண்கள், பட்டியலின, பழங்குடியினருக்கு 44 சதவிகிதமும் மானியம் உண்டு. இவர் சிறிய அளவில் கடன் வாங்கி, பயிற்சிக்காகத் தங்கிய அதே கிராமத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் கடை போட்டார்.

முதல் ஆண்டு அடி விழுந்தது. எல்லாம் கடன் வியாபாரம். ‘அறுப்பு முடிஞ்சதும் தர்றேன்’ என்று வாங்கிப் போனார்கள். அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வங்கித் தவணைக்கு அப்பா கறவை மாட்டை விற்றார்.

திருப்பம் வந்தது புகையானால். நெற்பயிர் திட்டுத் திட்டாகக் காய்கிறது என்று விவசாயிகள் வரிசையாக வந்து, ‘‘நல்லா வீரியமா ஒரு மருந்து குடுங்க’’ என்று கேட்டார்கள். இவர் மருந்து எடுக்காமல் வயலுக்குப் போனார். தூர்களை விலக்கி, அடித்தண்டில் இருக்கும் பூச்சியை எண்ணிக் காட்டினார். தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள் என்றார். செயற்கை பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தால் புகையானைத் தின்னும் சிலந்தியும் நன்மை செய்யும் பூச்சிகளும் செத்து, புகையான் முன்பைவிடப் பெருகும் என்று விளக்கினார். பூச்சி அதிகம் இருந்த வயலுக்கு மட்டும் ஏற்ற மருந்தைக் கொடுத்து, தூரின் அடிப்பகுதியில் படும்படி அடிக்கச் சொன்னார்.

‘‘அந்த வாரம் வியாபாரம் குறைஞ்சுது. ஆனா அடுத்த பட்டத்துல, விதைநேர்த்திக்கே என்னைத் தேடி வந்தாங்க. இப்போ பாதிப் பேர் கைக்காசு குடுத்து வாங்குறாங்க’’ என்கிறார். கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால், தவணை தவறவில்லை.

சம்பளம் எத்தனை நாளுக்கு?

மூன்றாமவர் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர். பதவியின் பெயர் பெரிது. அலுவலகம் ஓர் ஓட்டு வீடு, ஒரு தராசு, ஓர் ஈரப்பதமானி. 2020-ம் ஆண்டு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில், தலைமைச் செயல் அலுவலருக்கு மாதம் 25,000 ரூபாய் வரை சம்பள உதவி உண்டு. நிர்வாகச் செலவுக்கான அந்த உதவி மூன்று ஆண்டுகளுக்குத்தான்.

‘‘உளுந்தைக் காயவெச்சு, சலிச்சு, ஒண்ணாச் சேத்து வித்தா வியாபாரி நல்ல விலை தர்றார். ஆனா உறுப்பினருக்கு அன்னிக்கே காசு வேணும். நாங்க பத்து நாள் கழிச்சுக் குடுத்தா, அடுத்த தடவை களத்துலயே தரகர்கிட்ட போட்டுடுறாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. சம்பள உதவி நிக்கப்போகுது. அப்புறம் என் சம்பளத்தை நிறுவனம்தான் சம்பாதிக்கணும்’’ என்கிறார். கல்யாணப் பேச்சை அதுவரை தள்ளி வைத்திருக்கிறார்.

அப்பா வைத்த தேதி

நான்காமவர் தனியார் நிறுவனம் ஒன்றில் களப்பணியாளராகச் சேர்ந்தார். மாதா மாதம் விற்பனை இலக்கு. தேவையில்லாத மருந்தையும் விவசாயி தலையில் கட்ட வேண்டியிருந்ததால், எட்டு மாதத்தில் வேலையை விட்டார். இப்போது வீட்டின் இரண்டு ஏக்கரைப் பார்த்துக்கொண்டு தேர்வுக்குப் படிக்கிறார். இரண்டு முறை எழுதி, இன்னும் தேறவில்லை.

‘‘அப்பா திட்டலை. ‘அடுத்த தை வரைக்கும் படி. கிடைச்சா சந்தோஷம். இல்லைன்னா வேற வழி பாத்துக்கலாம். முடிவே இல்லாம படிக்காத’னு சொன்னார். தேதி வெச்ச பிறகுதான் ராத்திரியில தூக்கம் வருது’’ என்கிறார். அதற்குள், அப்பாவின் வயலில் மண் பரிசோதனை செய்து, அதன்படி உரம் இட்டிருக்கிறார். பழக்கத்தில் போட்டுவந்த அடியுரத்தில் ஒரு மூட்டை குறைந்தது.

பெரியவருக்குக் கிடைத்த பதில்

வரைபடம் போட்ட நாளில் தொடங்கிய வாட்ஸ்அப் குழு இன்னும் இருக்கிறது. பெரியவர் மாதத்துக்கு இரண்டு முறையாவது இலையின் படத்தை அனுப்புகிறார். களத்தில் இருப்பவர் பதில் சொல்கிறார். தேர்வுக்குப் படிப்பவர் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்க்கிறார். கடன் சந்தேகத்துக்கு விதர்பாவிலிருந்து பதில் வருகிறது. படத்தைப் பார்த்துப் பிடிபடாவிட்டால், கடைக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கே போய்விடுகிறார்.

பெற்றோர் கவனத்துக்கு...

* வேளாண் கல்லூரியில் சேர்க்கும் முன், அதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணைப்போ, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் அங்கீகாரமோ இருக்கிறதா என்று பாருங்கள். மேற்படிப்புக்கும் வேலைக்கும் இது முக்கியம்.

* ஒரே தேர்வை நம்பி இருக்க வேண்டாம். அரசுத் தேர்வுக்குப் படிக்கும்போதே வங்கித் தேர்வுக்கும் தயாராகலாம். எத்தனை முயற்சி, எந்தத் தேதி வரை என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

* பிள்ளையின் சான்றிதழை வாடகைக்குக் கொடுக்காதீர்கள்.

* தொழில் தொடங்கினால், முதல் ஆண்டு கடன் வியாபாரத்தைத் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு வேண்டும். மானிய விதிமுறைகள் மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் வங்கியிலும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் விசாரியுங்கள்.

* பட்டம் வாங்கிய பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு பட்டத்துக்காவது வயலின் உரக்கணக்கை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.