அடுத்த பிரசவத்துக்கு யாரை நாடுவது? அந்தமான் தாய்மார்களின் கேள்வி

புது தில்லி: நஞ்சுக்கொடிக் கோளாறால் ஒரு பிரசவத்தில் உயிர் பிழைத்ததே பெரிதென வீடு திரும்பிய பெண், மீண்டும் கருத்தரிக்கலாமா என்று யாரிடம் கேட்பது? சென்னையில் இதற்கு ஓர் ஆட்டோ பயணம் போதும். கடலில் சுமார் 1,200 கி.மீ. தள்ளியுள்ள அந்தமான் நிக்கோபாரில், சென்னைக்குக் கப்பலேறினால் ஏறத்தாழ மூன்று நாள்.

2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3.8 லட்சம். அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களும் இதில் அடங்கும்.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்து அமைந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே வழி. அந்தத் தழும்புதான் அடுத்த கர்ப்பத்தின் அபாயம். அதன்மீது நஞ்சுக்கொடி வேரூன்றிவிட்டால், குழந்தை பிறந்த பின்னும் பிரிந்து வராமல் ரத்தம் பெருகும். 'அக்ரீட்டா' எனப்படும் இந்நிலையில் கருப்பையையே அகற்ற நேரிடலாம். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, நஞ்சுக்கொடி கீழிறங்கி அமைந்த கர்ப்பிணிகளில், முன்பு ஒரு சிசேரியன் நடந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு அக்ரீட்டா இருந்தது. இரண்டு நடந்தவர்களில் இது 40 சதவீதம். மூன்று நடந்தவர்களில் 61.

இத்தகைய பிரசவத்தை 34-வது வாரத்தை ஒட்டி, முன்கூட்டியே திட்டமிட்டு நடத்துவதே நல்லது என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். அனுபவமிக்க மகப்பேறு மருத்துவர் மட்டும் போதாது. மயக்கவியல் நிபுணர், சிறுநீரக அறுவை நிபுணர், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு, தாராளமான ரத்த இருப்பு ஆகிய அனைத்தும் ஒரே கூரையின்கீழ் வேண்டும்.

தீவுகளின் தலைமை மருத்துவமனை ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்) உள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை. 2015-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி அதனுடன் இணைந்தது. மருத்துவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆண்டுக்குச் சில ஆயிரம் பிரசவங்களே நடக்கும் இடத்தில் அரிய நோயில் கைதேர்வது எளிதல்ல. அந்த நகரை அடைவதற்கே கேம்ப்பெல் பே பெண் 500 கி.மீ.க்கு மேல் கடல் கடக்க வேண்டும்.

தில்லியின் திட்டங்களோ கருவுற்ற பிறகே தொடங்குகின்றன. 2016-இல் வந்த பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் மாதந்தோறும் 9-ஆம் தேதி இலவசப் பரிசோதனை உண்டு. ஆனால் நான்காம் மாதம் முதலே. 2022-இல் அபாய கர்ப்பங்களைத் தனித்தனியே கண்காணிக்கும் ஏற்பாடு சேர்ந்தது. அதுவும் கர்ப்பம் பதிவான பின்னர்தான். ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ரூ.5 லட்சம் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்கு உதவும். வெளிநோயாளி ஆலோசனைக்கு உதவாது. கருவுறுமுன் நிபுணரைக் காணும் ஒரு சந்திப்புக்கு விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் சொந்தச் செலவே.

இதில் ஒரு பகுதியையாவது கம்பி வழியே முடிக்கலாம். சென்னையிலிருந்து தீவுகளுக்கு 2,300 கி.மீ. கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. இ-சஞ்சீவனி தொலைமருத்துவமும் உண்டு. முந்தைய அறுவைக் குறிப்பையும் ஸ்கேன் படங்களையும் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை போன்ற நிலையங்களுக்கு அனுப்பி, கருத்தரிக்குமுன் கருத்துக் கேட்கும் நிரந்தர ஏற்பாடு வேண்டும். ஆனால் கருப்பை எங்கு, எப்படிக் கீறப்பட்டது என்ற குறிப்பு நோயாளியின் கையில் இருந்தால்தான் அதற்குப் பயன். வெறும் 'சிசேரியன்' என ஒரு சொல் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டை வைத்து நிபுணர் என்ன சொல்வார்?

பிரசவத்துக்குச் சென்னை வருபவர் 34-வது வாரத்துக்கு முன்பே வந்து தங்க வேண்டும். கடைசி வாரங்களில் விமான நிறுவனங்களும் ஏற்றிச் செல்வதில்லை. அந்த வாரங்களுக்கான தங்குமிடச் செலவை யார் ஏற்பது? தீவுகளுக்குச் சட்டப்பேரவை கிடையாது. இதைக் கேட்க வேண்டியவர் அவர்களது ஒரே மக்களவை உறுப்பினர். பதில் சொல்ல வேண்டியது உள்துறை அமைச்சகம்.