நோய்க் குறியீடும் ஊழியர் பயிற்சியும்

நோயாளி வீடு திரும்பியதும் அவருடைய நோய் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடாகப் பதிவாகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 வகைப்பாடே மலேசிய அரசு மருத்துவமனைகளில் இதற்கு அடிப்படை. தஞ்சோங் மாலிம் வட்டார மக்கள் நாடும் சிலிம் ரிவர் மருத்துவமனையும் அவற்றுள் ஒன்று.

E11.9 என்றால் சிக்கலற்ற இரண்டாம் வகை நீரிழிவு, E11.2 என்றால் சிறுநீரகத்தைப் பாதித்த இரண்டாம் வகை நீரிழிவு. புள்ளிக்குப் பின்னுள்ள ஓர் எண் மாறினாலும் வட்டாரத்தின் நோய்க் கணக்கு பிசகும். மருந்துக்கும் ஆட்பலத்துக்குமான திட்டமும் பிழைபடும். ஒத்த நோயாளிகளை ஒரே குழுவாக்கிச் செலவைக் கணிக்கும் 'கேஸ்மிக்ஸ்' முறைக்கும் சரியான குறியீடே ஆதாரம். மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை 2002இல் அம்முறையைத் தொடங்கியது.

பதிவுப் பிரிவு ஊழியருக்கான பயிற்சி உடற்கூறு, மருத்துவச் சொற்கள் ஆகியவற்றில் தொடங்க வேண்டும். அடுத்தது முதன்மை நோயைத் தேர்ந்தெடுக்கும் விதி. வகைப்பாட்டின் அகரவரிசைச் சுட்டியில் கண்ட குறியீட்டை முழுப் பட்டியலிலும் சரிபார்ப்பது கட்டாயம். விபத்தென்றால் காயத்தோடு அதன் காரணத்துக்கும் குறியீடு தேவை.

மருத்துவர்களுக்கும் பயிற்சி வேண்டும். 'எம்.எஸ்.' என்னும் சுருக்கம் இதய வால்வுச் சுருக்கத்தையும் குறிக்கும், நரம்பு மண்டல நோயொன்றையும் குறிக்கும். நோயின் பெயரை முழுமையாக எழுதினால் ஊகத்துக்கு இடமில்லை. ஐயம் எழுந்தால் ஊழியர் மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

பயிற்சியின் பலனைத் தணிக்கை காட்டும். சில கோப்புகளுக்கு மற்றொருவர் தனியே குறியீடிட்டு, இரண்டையும் ஒப்பிடுவார். அடிக்கடி நேரும் பிழைகளே அடுத்த பயிற்சியின் பாடமாகும். ஐசிடி-10இன் அடுத்த பதிப்பான ஐசிடி-11, 2022இல் உலக அளவில் நடப்புக்கு வந்துவிட்டதால், இப்பயிற்சி தொடர்ந்து நடப்பது அவசியம்.