கார் பியூஸ்: எத்தனை ஆம்பியர்?

செப்டம்பர் 8 திருவிழாவுக்காகக் காலாப்பட்டிலிருந்து வேளாங்கண்ணிக்குக் காரில் புறப்படுவோர், முந்தின நாள் வண்டியை மந்திரிக்கக் கொண்டுவருவதுண்டு. டயரைப் பார்த்தோம், எண்ணெய் மாற்றினோம் என்பர். பியூஸ் பெட்டி எங்கே என்று கேட்டால், கணவர் மனைவியை நோக்குவார். மனைவி டிரைவரை நோக்குவார்!

"மின்கசிவால் கார் எரிந்தது" என நாளிதழ்கள் எழுதுகின்றன. கசிவு என்பது பொருத்தமான சொல்லன்று. தேய்ந்த ஒயரின் செம்பு வண்டியின் இரும்பைத் தொட்டதும், பாட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, ஒயர் பழுக்கக் காய்கிறது. அதற்கு முன்பே தான் உருகிச் சுற்றைத் துண்டிப்பது பியூஸின் பணி. அது விளக்கைக் காப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது காப்பது ஒயரை. ஒயரின் வழியாக, பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைகளை.

கணக்கு எளிது. 60 வாட் முகப்பு விளக்குகள் இரண்டும் ஒரே பியூஸில் இருப்பின் 120 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். ஆனால் 10 ஆம்பியர் பியூஸ் போதாது. நெடுநேரம் ஓடும் மின்னோட்டம் பியூஸ் அளவில் முக்கால் பங்குக்குள் இருப்பது நன்று. ஆகவே 15. அந்த ஒயரோ 15 ஆம்பியருக்கு மேலும் சூடேறாமல் தாங்குவதாக இருத்தல் வேண்டும். மெலிந்த ஒயரானால் ஒயரை மாற்றவேண்டுமேயன்றிப் பியூஸைப் பெரிதாக்கலாகாது.

தகட்டு பியூஸ்களை நிறத்தால் அறியலாம்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடரை இன்னும் பேணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பழைய லூக்காஸ் கண்ணாடிக்குழல் பியூஸில் 35 என்றிருந்தால், அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது ஏறக்குறைய அதில் பாதியே. இன்றைய பியூஸில் உள்ள எண் அவ்வாறு குறிக்கப்படுவதன்று. 35-க்கு 35 என்று மாற்றினால், காவலை ஏறத்தாழ இரு மடங்கு தளர்த்தியவராவீர்கள்.

சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இதை மிதமான சொற்களால் கண்டிக்க எனக்கு மனமில்லை. காவற்காரனைக் கொன்றுவிட்டு அவன் உடையை வைக்கோல் பொம்மைக்கு அணிவிக்கும் செயல் அது.

தேர்ப்பவனிக்கு முன்செல்லும் வண்டியில் ஒலிபெருக்கியும் சரவிளக்கும் கட்டுவோர், முகப்பு விளக்கின் ஒயரிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றனர். பியூஸ் போகிறது, உடனே 30 போடுகின்றனர். பாட்டரியிலிருந்தே தனி ஒயர் இழுத்து, அதன் தொடக்கத்திலேயே, ஒரு சாணுக்குள், அதற்குரிய பியூஸை வைப்பதே முறை.

கடலோரத்தில் வாழும் நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்றால் பியூஸைப் பிடிக்கும் கவ்விகளில் களிம்பு ஏறுகிறது. பிடி தளர்ந்து, அவ்விடம் சூடேறிப் பிளாஸ்டிக் பெட்டி இளகுகிறது, பியூஸோ முழுதாயிருக்கிறது! மின்னோட்டம் மிகாததால் அது உருக வழியில்லை. நெடுந்தூரம் ஓடியபின் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சுட்டால் கவ்வியைச் சுத்தம் செய்விக்கவேண்டும்.

எந்தச் சுற்றுக்கு எத்தனை ஆம்பியர் என்பது பெரும்பாலும் பெட்டியின் மூடியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதே அளவில் ஒவ்வொன்று கூடுதலாக வைத்திருங்கள். மாற்றிய பியூஸும் உடனே போனால், மூன்றாவதைப் போடாமல், அந்தச் சுற்றை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனிடம் செல்லுங்கள். போனது முகப்பு விளக்கானால், விடியும்வரை வண்டியை எடுக்கவேண்டாம்.