உப்புக் கணக்கு – 17: பக்கத்து அளத்து சுவிட்சு

சிறுநீரகம் ரெனினை விடும், அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கும், உப்பு உடம்பில் தங்கும். போன வாரக் கதை அவ்வளவுதான். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மரபணு என்று சொல்லியிருந்தேன். நடுவில் வியர்வை வந்து மறித்துக்கொண்டது.

வேப்பலோடைப் பக்கம் ஓர் உப்பளம். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டு உப்பு வாரிக்கொண்டிருந்த அக்காவின் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். “இது அளத்து உப்பா, உங்க உப்பா அக்கா?” என்றேன். “ரெண்டுந்தான் தம்பி. எது எதுன்னு யாரு நக்கிப் பாத்தா?”

நக்கிப் பார்க்கவில்லை, ஆனால் அளந்து பார்த்த ஒருவர் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் ஜெரோம் கான். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போகும் சிப்பாய்கள் புழுக்கத்தை எப்படித் தாங்குவார்கள் என்பது அவர் முன்னிருந்த கேள்வி. தன்னார்வலர்களைச் சூடான அறையில் வேலைசெய்ய வைத்து வியர்வையைச் சேகரித்தார். நாள் ஆக ஆக வியர்வை கொட்டியது, அதிலிருந்த உப்பு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. உடம்பு கஞ்சத்தனம் பழகிவிட்டது! அட்ரீனலின் வேலை இது என்று கான் ஊகித்தார். ஆல்டோஸ்டீரோன் அப்போது கண்டுபிடிக்கப்படவே இல்லை. அது வெளிப்பட்டது 1953-ல்.

மறு வருஷம் 34 வயதுப் பெண் ஒருவர் அவரிடம் வந்தார். உயர் ரத்த அழுத்தம், தசைப்பிடிப்பு, அவ்வப்போது கால்கள் செயலற்றுப் போவது, ரத்தத்தில் பொட்டாசியம் தரைமட்டம். வேறு யாராக இருந்தாலும் ரத்தத்தோடு நிறுத்தியிருப்பார்கள். கான் வியர்வையையும் சோதித்தார். உப்பு பேருக்குத்தான் இருந்தது. வெயிலையே காணாதவரின் அட்ரீனல், சித்திரை வெயிலில் உப்பு வாருபவரின் அட்ரீனல் மாதிரி நடந்துகொண்டிருந்தது. டிசம்பரில் அறுவைசிகிச்சை. இரண்டு அட்ரீனலையும் எடுப்பதாகத் திட்டம். உள்ளே ஒன்றில் கட்டி. அதை எடுத்ததும் பொட்டாசியமும் அழுத்தமும் வழிக்கு வந்தன. இன்றும் அந்த நோய்க்குக் கான் பெயர்தான்.

சரி, மரபணு. 1966-ல் கனடா மருத்துவர்கள் ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் இதே கோளாறைக் கண்டார்கள். டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்ததும் அழுத்தம் இறங்கியது. ஸ்டீராய்டு சாப்பிட்டால் பிரஷர் ஏறும் என்றுதான் எல்லோரும் பயப்படுவோம், இங்கே இறங்கியது. காரணம் தெரிய 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரிச்சர்ட் லிஃப்டன் குழு கண்டுபிடித்தது. அதில் ஒருவரான லாலுவெல் வேலை பார்த்த ஊர் சால்ட் லேக் சிட்டி, அதாவது உப்பேரி நகரம். தூத்துக்குடிக்காரன் இதைச் சொல்லாமல் எப்படிக் கடப்பேன்?

அடுத்தடுத்த இரண்டு அளங்கள், தனித்தனி மோட்டார், தனித்தனி சுவிட்சு. வயர்மேன் தப்பாக இணைத்துவிட்டார்; பக்கத்து அளத்துக்காரர் சுவிட்சைப் போட்டால் உங்கள் மோட்டாரும் ஓடி, பாத்தி நிரம்பி வழிகிறது. நம் எட்டாம் குரோமோசோமில், அட்ரீனலின் இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசாலுக்கான மரபணுவும் ஆல்டோஸ்டீரோனுக்கான மரபணுவும் அண்டைவீடு. எழுத்துக்கு எழுத்து 95 சதவீதம் ஒன்றுபோலவே இருக்கும். கருமுட்டையோ விந்தணுவோ உருவாகையில் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொள்ளும். சாயல் பார்த்து இடம் மாறிச் சேர்ந்தால் மூன்றாவதாக ஒரு கலப்பு மரபணு பிறக்கும்: சுவிட்சு கார்ட்டிசாலுடையது, மோட்டார் ஆல்டோஸ்டீரோனுடையது. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி விடியற்காலையில் கார்ட்டிசாலைக் கேட்டு ஆணையிடும்போதெல்லாம் உப்பு மோட்டாரும் ஓடும். டெக்ஸாமெத்தசோன் அந்த ஆணையை நிறுத்துகிறது, மோட்டார் அடங்குகிறது.

இது மிக அரிது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. “எங்க வம்சத்துக்கே பிரஷர்” என்று சொல்பவர் வீட்டில் யாருக்காவது இருபது வயதுக்குள் அழுத்தமோ, நாற்பதுக்குள் மூளையில் ரத்தக்கசிவோ வந்திருந்தால், ஆல்டோஸ்டீரோன்–ரெனின் விகிதம் பார்க்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனைதான்.

பரம்பரையாக வராமல், கட்டிக்குள் மட்டும் மரபணு பிசகும் கதை வேறு. பொட்டாசியம் மட்டும் போகவேண்டிய வாசலில் சோடியம் புகுந்துவிடுவதை 2011-ல்தான் பிடித்தார்கள். அது அடுத்த வாரம். சங்கு குளிப்பவர்களுக்கு மூச்சடக்கும்போது பிரஷர் ஏறுமா என்று கேட்ட திரேஸ்புரம் வாசகரும் அதுவரை பொறுக்க வேண்டும். ஏறும்; எப்படி என்று எழுதத்தான் இடமில்லை.