வளரிளம் பருவத்தினரும் போதைப்பொருள்களும்: இறைநம்பிக்கை எவ்வாறு துணை நிற்கிறது?

பிள்ளையின் போதைப் பழக்கம் தெரியவந்ததும், இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் பெற்றோர் பலர் முதலில் நாடுவது கோயில், தேவாலயம் அல்லது தர்காவையே. இந்த நம்பிக்கையைக் கைவிடத் தேவையில்லை. ஆனால் அது எங்கே காக்கும், எங்கே மருத்துவம் தேவைப்படும் என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

இந்த வயதினருக்கு ஆபத்து ஏன் அதிகம்?

விளைவுகளை எடைபோடும் மூளைப் பகுதி முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ 25 வயதாகிறது. எனவே நண்பர்களின் தூண்டுதலுக்கு வளரிளம் பருவத்தினர் எளிதில் இணங்குவர். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, முகர்ந்து பயன்படுத்தும் போதைப்பொருள்களின் பயன்பாடு பெரியவர்களிடம் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதினரிடம் 1.17 விழுக்காடு. பஞ்சர் ஒட்டும் பசை, தின்னர் போன்றவை பட்டறைகள் நிறைந்த பகுதிகளில் எளிதில் கிடைக்கின்றன. புகையிலை, கஞ்சா, வலி நிவாரண மாத்திரைகள் ஆகியவற்றின் மீதும் கவனம் தேவை.

இறைநம்பிக்கை எவ்வாறு காக்கிறது?

அமெரிக்காவில் 5,000க்கும் மேற்பட்ட இளையோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வாரந்தோறும் வழிபாட்டிற்குச் சென்றவர்கள் பின்னாளில் சட்டவிரோதப் போதைப்பொருள்களைப் பயன்படுத்தும் வாய்ப்பு, செல்லாதோரைவிட ஏறத்தாழ 33 விழுக்காடு குறைவாக இருந்தது. வழிபாடு மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. அதனுடன் இணைந்து வரும் சில நன்மைகளும் உள்ளன:

• பெற்றோர் ஆலையிலோ துறைமுகத்திலோ ஷிப்டு முடித்துத் திரும்பும் வரையிலான நேரம் பயனுள்ள வகையில் கழிகிறது.
• பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து விசாரிக்கும் பெரியவர்கள் கிடைக்கின்றனர்.
• போதைப் பழக்கம் இல்லாத நண்பர்கள் அமைகின்றனர்.
• மறுப்பதற்குக் காரணம் கிடைக்கிறது. “மாலை போட்டிருக்கிறேன்”, “நோன்பு இருக்கிறேன்”, “தவக்காலம்” என்று கூறும் பிள்ளையை நண்பர்கள் பெரும்பாலும் வற்புறுத்துவதில்லை.

இறைநம்பிக்கை இல்லாத குடும்பங்களும் இதே பாதுகாப்பைப் பெறலாம். வடசென்னையின் கால்பந்து, குத்துச்சண்டை, கேரம் பயிற்சிக் கூடங்களும் நூலகங்களும் இதற்கு உதவும்.

எங்கே கவனம் தேவை?

பிள்ளையிடம் கட்டாயமாகச் சத்தியம் வாங்குவதாலும் கயிறு கட்டுவதாலும் மட்டும் பழக்கம் நின்றுவிடாது. போதைக்கு அடிமையாதல் ஒரு நோய். மீண்டும் பயன்படுத்த நேர்வது அந்நோயில் இயல்பாகக் காணப்படுவது. “தெய்வக் குற்றம் ஆகிவிட்டது” என்று அஞ்சும் பிள்ளை, அதனை உங்களிடமிருந்து மறைக்கும். மறைக்கப்படும் நாள்களில் நோய் முற்றும். ஆகவே, “தவறினாலும் என்னிடம் வந்து சொல்” என்ற உறுதியை முதலில் நீங்கள் பிள்ளைக்கு அளியுங்கள். திருவிழா நாள்களில் வீட்டுப் பெரியவர்கள் மது அருந்தினால், விரதத்தின் பொருளைப் பிள்ளை எவ்வாறு புரிந்துகொள்ளும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

விரதம் இருப்போர் அறிய வேண்டியவை

நாள்தோறும் மது அருந்துபவர் திடீரென நிறுத்தினால், முதல் சில நாள்களில் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம். உயிருக்கும் ஆபத்து நேரலாம். எனவே மாலை அணிவதற்கு முன் மருத்துவரைச் சந்திக்கவும். வலி நிவாரண மாத்திரைகளை ஒரு மண்டலம் நிறுத்தியபின் பழைய அளவிலேயே மீண்டும் பயன்படுத்தினால் மூச்சு நின்றுபோகலாம். விரதம் முடியும் நாள், மிகுந்த கவனம் தேவைப்படும் நாள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• தூக்கம், உணவு, நண்பர்கள் வட்டம் திடீரென மாறுதல்
• பள்ளிக்குச் செல்ல மறுத்தல், வீட்டில் பணம் காணாமற்போதல்
• உடையிலோ மூச்சிலோ பசை, தின்னர் வாசனை
• கையில் ஊசித் தழும்புகள்
• தற்கொலை எண்ணத்தை வெளிப்படுத்துதல் (அன்றே அணுகவும்)

வலிப்பு, மயக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே 108ஐ அழைக்கவும்.

குணமாகும் என்று கூறி, பிள்ளையைச் சங்கிலியால் கட்டிவைக்கும் எந்த இடத்திலும் விடாதீர்கள். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஏற்பட்ட தீ விபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப இயலாமல் உயிரிழந்தனர். மனநோய்க்கும் போதைச் சார்புக்கும் சிகிச்சை பெறுவோரைச் சங்கிலியால் பிணைப்பதை, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

எங்கே உதவி கிடைக்கும்?

இராயபுரம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையும், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையையும் அணுகலாம். டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவி எண் 14446 ஆகியவற்றைக் கட்டணமின்றி அழைக்கலாம். சிறு அளவில், சொந்தப் பயன்பாட்டிற்காகப் போதைப்பொருள் வைத்திருந்தவர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், வழக்கிலிருந்து விலக்கு அளிக்கச் சட்டத்தில் இடமுண்டு. எனவே காவல்துறைக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

வழிபாட்டைத் தொடருங்கள், மருந்தையும் ஆலோசனையையும் நிறுத்தாதீர்கள். பிள்ளை நம்பும் குருக்கள், பங்குத்தந்தை அல்லது இமாம் யாரேனும் இருந்தால், பிள்ளையின் இசைவுடன் அவரையும் சிகிச்சையில் துணையாக இணைத்துக்கொள்ளலாம்.