புல்லு மருந்தும் லயன் வீட்டுத் தோட்டமும்

கொழும்பிலிருந்து வரும் வீதி பெரகல சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அப்புத்தளை, பண்டாரவளை நோக்கி ஏறுகிறது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாய சமவெளிக்கு இறங்குகிறது. இரு பக்கமும் தேயிலை மலைகள், இடையிடையே லயன்கள், லயன்களை ஒட்டி கோவாவும் போஞ்சியும் லீக்ஸும் போட்ட சிறு பாத்திகள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மலையிலும் பாத்தியிலும் புல் ஒரே வேகத்தில் கிளம்புகிறது. மலைக்கு மருந்தடித்துப் பழகியவர்கள் பாத்திக்கும் அதையே அடிக்க நினைப்பது இயல்பு. அந்த இயல்பைத்தான் இங்கே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்குக் களைநாசினி தேவையே இல்லை. தேயிலை மலையில் அதற்குச் சில இடங்கள் உண்டு. ஆனால் அது அடிக்கப்படும் விதம் உழைப்பவரின் உடம்புக்கு நியாயமானதாக இல்லை.

தடைகள் கற்றுத் தந்தவை

இலங்கையில் களைநாசினி பற்றிய பேச்சு எப்போதும் தடையோடு தொடங்கி, தடைநீக்கத்தோடு முடிந்துவிடுகிறது. தோட்டப் பகுதிகளில் கிரமக்சோன் என்ற பெயரில் அறியப்பட்ட பரகுவாட் 2008 முதல் படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டு 2011க்குள் நிறுத்தப்பட்டது. அதை விழுங்கி மருத்துவமனைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். நுரையீரலை இறுக வைக்கும் அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. கொடிய பீடைகொல்லிகள் ஒவ்வொன்றாகக் கடையிலிருந்து போன பிறகு நாட்டில் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. ஆபத்தான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டாலே உயிர்கள் தப்பும் என்பதற்கு உலகப் பொதுச் சுகாதார அறிஞர்கள் இன்றும் இலங்கையைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

கிளைபோசேட் கதை வேறு. வறண்ட வலயத்துச் சிறுநீரக நோய்க்கு அது காரணமாக இருக்கலாம் என்ற கருதுகோளை 2014இல் உள்நாட்டு ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். 2015இல் அது நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. தடை வந்த கையோடு தோட்டங்கள் கையில் கிடைத்த வேறு மருந்துகளுக்கு மாறின. அவற்றில் ஒன்றான எம்.சி.பி.ஏ. தேயிலையில் எச்சமாகத் தங்கியதால் ஜப்பானில் சிக்கல் வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2021இல் எல்லா விவசாய இரசாயனங்களுக்கும் திடீர்த் தடை வந்து, அதே ஆண்டு நவம்பரில் விலக்கப்பட்டது. கிளைபோசேட்டின் மீதான தடை 2022இல் நீங்கியது. மருந்துக்கு மாற்றாக என்ன செய்வது என்று தொழிலாளிக்கும் வீட்டுத் தோட்டக்காரருக்கும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்காமல் மருந்தை மட்டும் நிறுத்தினால், இடத்தைப் பிடிப்பது இன்னொரு மருந்துதான்.

சிறுநீரகம், புற்றுநோய்: சான்று எதுவரை?

சிறுநீரக நோய் பற்றி, பெரகல அடங்கும் பதுளை மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது. மாவட்டத்தின் தாழ்நிலமான கிராந்துருகோட்டை காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் மிகுந்த பகுதிகளில் ஒன்று. அதே மாவட்டத்தின் மேட்டுநிலத் தேயிலை மலைகளிலோ பல்லாண்டுகளாகக் களைநாசினி அடித்தும் அந்த நோய் அவ்வாறு பரவவில்லை. எனவே கிளைபோசேட் ஒன்றையே குற்றவாளியாக நிறுத்துவது சான்றுக்குப் பொருந்தாது. நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, வெயிலில் வேலைசெய்து உடல் நீர் வற்றுவது எனப் பல காரணங்கள் சேர்ந்து ஆராயப்படுகின்றன.

புற்றுநோய் விடயத்திலும் அறிவியல் ஒரே குரலில் பேசவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகமை 2015 மார்ச்சில் கிளைபோசேட்டை ‘மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற வகையில் சேர்த்தது. ஐரோப்பிய, அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் மேலும் பத்து ஆண்டுகளுக்கு அனுமதி கொடுத்தது. முகமை பார்த்தது அந்தப் பொருளுக்குத் தீங்கு செய்யும் தன்மை உண்டா என்பதை. மற்றவர்கள் பார்த்தது, விதிப்படி பயன்படுத்தும்போது தீங்கு நேருமா என்பதை. இங்கே ‘விதிப்படி’ என்ற நிபந்தனையை நான் அழுத்திச் சொல்வேன். கையுறை, பூட்ஸ், கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு அது. பெரகல சரிவில் வெறும் காலோடு நிற்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்துமா?

மருந்தடிப்பவரின் உடம்பு

முதுகில் பதினைந்து, பதினாறு லீற்றர் தொட்டி. மூடி சரியாக இறுகாவிட்டால் தோள்பட்டை வழியாக மருந்துநீர் வழிந்து முதுகு நனைகிறது. செங்குத்தான சரிவில் மேலிருந்து கீழே அடித்துக்கொண்டு போகும்போது காற்று திரும்பினால் தூறல் முகத்தில் படுகிறது. கிளைபோசேட் தோல் வழியாக அதிகம் உறிஞ்சப்படுவதில்லை என்பது உண்மை. ஆனால் தொட்டிக்குள் இருப்பது கிளைபோசேட் மட்டும் அல்ல. இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் துணைப்பொருட்கள் தோலையும் கண்ணையும் எரிக்கக்கூடியவை. சில நேரம் மருந்தைவிட அவைதான் கடுமையானவை. கவ்வாத்துக் கத்தி கீறிய கையில் பட்டால் பாதிப்பு கூடும். நனைந்த சட்டை வீட்டுக்கு வந்து குழந்தைகளின் துணியோடு ஒரே வாளியில் ஊறுகிறது.

இதைவிட என்னை அச்சுறுத்துவது மருந்தை வீட்டுக்குள் வைப்பதுதான். பெரும்பாலான லயன் வீடுகளில் சமைப்பதும் படுப்பதும் இரண்டொரு அறைக்குள்ளேயே. பாத்திக்கு அடிக்கவென்று சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மருந்துக்கு அங்கே பூட்டிய அலுமாரி கிடையாது. சிறு பிள்ளை தவறுதலாகக் குடிப்பதற்கும், ஒருவர் ஒரு கணத்து ஆத்திரத்தில் எடுப்பதற்கும் அந்த ஒரு போத்தல் போதும். வீட்டுத் தோட்டத்தில் களைநாசினி வேண்டாம் என்பதற்கு என்னுடைய முதற்காரணம் இதுவே. புற்றுநோய் வாதம் எப்படி முடிந்தாலும் இது மாறாது.

சுரண்டியும் தீர்வு அல்ல

‘மருந்து வேண்டாம் என்றால் சுரண்டிதானே?’ என்று கேட்பார்கள். அதற்கும் இல்லை என்பதே பதில். சுரண்டியால் மேல்மண்ணைச் சீவிப் புல் எடுத்தால் மண் இளகி, அடுத்த மழையில் கானோடு போய்விடும். ஊவாவில் ஒக்டோபரிலிருந்து கொட்டும் மழை வெறும் மண்ணில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது 2014 ஒக்டோபர் 29இல். அந்தச் சரிவுக்குக் களையெடுப்பு காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சரிவான நிலத்தில் மண்ணைத் திறந்துபோடும் எந்த வேலையும் ஆபத்தானது என்பதை அது நினைவில் நிறுத்துகிறது. மருந்தடித்தால் வேர் மண்ணிலேயே இருக்கும், மண் அசையாது என்று தோட்ட நிர்வாகங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் திரும்பத் திரும்ப அடித்து நிலத்தை மொட்டையாக்கிவிட்டால் அந்த உண்மையும் போய்விடுகிறது. கிளைபோசேட் மண்துகளில் பற்றிக்கொள்வது. மண் கரைந்தால் அதோடு சேர்ந்து ஓடைக்கும் போகும். கொஸ்லந்தைப் பக்கத்து ஓடைகள் தியலும அருவி வழியாக கிரிந்தி ஓயாவில் சேர்ந்து, கீழே குளத்து நீரை நம்பியிருக்கும் ஊர்களுக்குச் செல்கின்றன.

ஆகவே புல்லே இல்லாத மலை நமக்கு வேண்டாம். புளியாரை போன்ற மெல்லிய செடிகள் தேயிலையோடு பெரிதாகப் போட்டியிடுவதில்லை, மண்ணையும் மூடிக்கொள்ளும். இலுக்கு, கோரை போன்ற முரட்டுக் களைகளை மட்டும் தேடி எடுத்தால் போதும்.

பாத்தியில் செய்யக்கூடியது

வீட்டுத் தோட்டத்தில் களைக்கு முதல் எதிரி மூடாக்கு. கவ்வாத்து வெட்டிய இலை, மானாப்புல், காய்ந்த சருகு எதுவானாலும் மூன்று, நான்கு அங்குலத் தடிப்பில் செடிகளுக்கிடையே பரப்பினால் வெளிச்சம் இல்லாமல் விதை முளைக்காது, ஈரமும் காயாது. செடியின் தண்டை மட்டும் தொடாமல் விடவேண்டும், தொட்டால் அழுகும். புதுப் பாத்தி போடுமுன் பழைய பத்திரிகைத் தாளை நனைத்து விரித்து அதன்மேல் சருகு போடலாம். மழை விட்ட மறுநாள் மண் இளகியிருக்கும்போது, புல் பூப்பதற்கு முன்பே, வேரோடு பிடுங்கிவிட்டால் அடுத்த போகத்து வேலை பாதியாகக் குறையும். கோரைக்குக் கிழங்கு உண்டு. ஒருமுறை பிடுங்கினால் தீராது, முளைக்க முளைக்கத் தோண்டித்தான் களையவேண்டும். படியிடுக்கிலும் வாசற்கல் இடுக்கிலும் முளைப்பதற்குக் கொதிநீர் போதும். உப்பும் வினாகிரியும் கலந்து ஊற்றும் கைவைத்தியத்தைப் பாத்தியில் செய்யாதீர்கள். புல் சாகும், உப்பு மண்ணில் தங்கி அடுத்து நடும் போஞ்சியையும் கெடுக்கும்.

‘ஆள் எங்கே?’

தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை உண்மை. கிளைபோசேட் இல்லாத ஆண்டுகளில் மலைகள் காடேறி, கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக்கும் அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து இறங்கியதும் உண்மை. களையெடுக்காத மலையும் உடல்நலக் கேடுதான். அதனால்தான் மலைக்கு முழுத் தடை கேட்கவில்லை. புல் வெட்டும் இயந்திரம், மூடாக்கு, வெற்றிடங்களில் தேயிலைக் கன்று நட்டு நிழல் மூடச் செய்வது ஆகியவை முதலில் வரட்டும். மருந்து, முரட்டுக் களை நிற்கும் இடத்துக்கு மட்டும், கடைசியாக வரட்டும். அப்படி அடிக்கும் நாளில் கையுறையும் பூட்ஸும் கண்ணாடியும் நிர்வாகம் கொடுக்கவேண்டும். குளித்து உடைமாற்ற மருந்துக் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே தண்ணீரும் இடமும் வேண்டும். செலவு கூடும் என்பார்கள். இப்போது அந்தச் செலவை மருந்தடிப்பவரின் தோலும் கண்ணும் சுமக்கின்றன.

வீட்டில் இப்போது மருந்துப் போத்தல் இருந்தால் சமையலறையிலிருந்து இன்றே அகற்றுங்கள். ஓடையிலோ கானிலோ ஊற்றவேண்டாம். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் நீரில் கழுவுங்கள்; தோலில் பட்டால் சோப் போட்டுக் கழுவுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். லேபலோடு அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.